பென்னாகரத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,047 லிட்டர். தருமபுரி மாவட்டத்தின் ஆண்டு மழையை 850 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 34.4 லட்சம் லிட்டர். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில் காடு மெலிந்து முட்புதராகும் ஓரங்களுக்கும் வானம் தருவது ஏறக்குறைய இவ்வளவுதான். அதில் மண்ணுக்குள் இறங்குவது எவ்வளவு என்பது அங்கே நிற்கும் செடிகொடியின் அடர்த்தியைப் பொறுத்தது.

ஒரு தூறல் ஓய்ந்ததும் உண்ணிப் புதரை விலக்கிப் பாருங்கள். இலையெல்லாம் நனைந்திருக்கும், அடியில் புழுதி அப்படியே கிடக்கும். இலையும் குச்சியும் 1.5 மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்வதாக வைப்போம். 5 மில்லிமீட்டர் தூறலில் அது 30 சதவீதம். 50 மில்லிமீட்டர் கனமழையில் வெறும் 3 சதவீதம். அடர்புதரால் பெரிய இழப்பு சிறுமழையில்தான். மானாவாரிச் சாமைக்கும் ராகிக்கும் உயிர் கொடுப்பதும் பல நேரம் அந்தச் சிறுமழைதான்.

அதற்காகக் காட்டை மொட்டையடிக்கக் கூடாது. வெற்று மண்ணில் துளி நேராக அறைந்து மேற்பரப்பை இறுக்கிவிடும். தண்ணீர் ஓடைக்கு ஓடிவிடும். உசிலையும் புளியும் இடைவெளி விட்டு நிற்கும் இடத்தில் சருகு அடியைத் தாங்குகிறது, வேர் விட்ட வழியில் நீர் இறங்குகிறது.

பனி பெய்யும் நாடுகளிலும் இதே கணக்குதான். வடகனடாவின் அடர்ந்த ஊசியிலைக் காடுகளில் கிளையில் தங்கும் பனி, தரையைத் தொடாமலே ஆவியாகிறது. ஆண்டுப் பனியில் மூன்றிலொரு பங்குவரை இப்படிப் போகலாம். மரமே இல்லாத வெளியில் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. காடு புதரைத் தொடும் ஓரத்திலும் மர இடைவெளிகளிலும் பனி தடித்துக் கிடக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வும், வறண்ட வெப்பமண்டலத்தில் நடுத்தர மர அடர்த்தியே நிலத்தடி நீரை அதிகம் சேர்க்கிறது என்றது. நம் நீலகிரியில் 1972-இல் புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு அளந்தார்கள்: முதல் பத்தாண்டில் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது, வெட்டி மறுபடி தழைத்த அடுத்த சுற்றில் சுமார் 25.

இனி ரூபாய்க் கணக்கு. போர் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் தருமபுரி. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. மதிப்பீடு சுமார் 1,928 கோடி ரூபாய். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களின் 2011 மக்கள்தொகை சுமார் 33.9 லட்சம். தலைக்கு ஏறத்தாழ 5,700 ரூபாய். குழாய் தேவைதான், அந்தச் செலவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காட்டோரத்தில் உண்ணியை வேரோடு எடுத்து, உசிலையை விட்டுவைத்து, ஆண்டு மழையில் பத்திலொரு பங்கைக் கூடுதலாக மண்ணுக்குள் இறக்கினால் ஏக்கருக்கு 3.44 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 28 நடைக்கு மேல்.