ஜார்ஜ் சாவில்

சர் ஜார்ஜ் சாவில், எட்டாவது பாரனெட் (ஜூலை 18, 1726 - ஜனவரி 10, 1784) ஓர் ஆங்கிலேய அரசியல்வாதி ஆவார். 1759 முதல் 1783 வரை யார்க்சயர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். விக் கட்சியின் ராக்கிங்காம் பிரிவை ஆதரித்த இவர், அமைச்சர் பதவியை ஏற்க மறுத்தார்.

கத்தோலிக்கர் சட்டம்

ஆங்கிலிக்கரான சாவில், 1778 ஆம் ஆண்டில் கத்தோலிக்கருக்கான சலுகைச் சட்டத்தின் முன்வரைவை மக்களவையில் கொண்டுவந்தார். அரசருக்கு விசுவாச உறுதிமொழி அளித்த கத்தோலிக்கர் நிலம் வாங்கவும் மரபுரிமையாகப் பெறவும் இச்சட்டம் வழிசெய்தது. கத்தோலிக்கக் குருமாருக்கும் பள்ளி நடத்துவோருக்கும் விதிக்கப்பட்டிருந்த ஆயுள் சிறைத் தண்டனையும் அவர்களுக்கு நீக்கப்பட்டது.

இச்சட்டத்தை நீக்கக் கோரி 1780 ஜூனில் இலண்டனில் கார்டன் கலவரம் மூண்டது. லெஸ்டர் ஃபீல்ட்சில் இருந்த சாவிலின் வீட்டைக் கலகக்காரர்கள் தாக்கினர். எனினும் நாடாளுமன்றம் சட்டத்தை நீக்கவில்லை.

மறைவு

சாவில் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1784 இல் இவர் இறந்ததுடன் பாரனெட் பட்டமும் முடிவுற்றது.