நால்வரில் இருவர்

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், தடை தாண்டும் குதிரைப் போட்டியின் குழுப் பிரிவில் பிரிட்டனுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. நால்வர் கொண்ட அந்தக் குழுவில் இருவர் அண்ணன் தம்பி: ஜான் விட்டேக்கர், மைக்கேல் விட்டேக்கர். 32 ஆண்டுகள் கழித்து 2016இல் ரியோ ஒலிம்பிக். பிரிட்டன் குழுவில் மறுபடியும் நால்வர். அவர்களில் இருவர் அதே அண்ணனும் தம்பியும். அண்ணனுக்கு அப்போது வயது 61.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே அந்த விளையாட்டே வேறொன்றாகிவிட்டது.

யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் பால் பண்ணை வைத்திருந்த குடும்பம் அது. ஜான், ஸ்டீவன், மைக்கேல், இயன் என்று நான்கு பையன்கள். குதிரையேறச் சொல்லிக்கொடுத்தவர் அம்மா ஈனிட். ஜானுக்குப் பெயர் வாங்கித் தந்த ரையன்ஸ் சன் என்ற குதிரையும் சொந்தத்துக்குள் வந்ததுதான். அதன் உரிமையாளர் ஜானின் மாமனார். முகத்தில் வெள்ளைப் பட்டை ஓடிய அந்தக் குதிரைக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசித் தடையைத் தாண்டியதும் தலையைக் கீழே போட்டு, பின்னங்கால்களை உதறித் துள்ளும். முதுகில் இருப்பவர் தன் சாமர்த்தியத்தில் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளுக்காக 1980இல் ராட்டர்டாமில் நடந்த போட்டியில், ஜான் அதன் மீதுதான் தனிநபர் வெள்ளி வென்றார்.

அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள மில்டனின் கதையே போதும். கரோலின் பிராட்லி என்ற வீராங்கனை குட்டியாக வாங்கி வளர்த்த வெண்சாம்பல் நிறக் குதிரை அது. 1983இல், 37 வயதில், ஒரு போட்டிக்களத்திலேயே அவர் சுருண்டு விழுந்து இறந்துபோனார். மகள் விட்டுச்சென்ற குதிரையைப் பெற்றோர் விற்கவில்லை. பின்னர் அதை ஓட்ட ஜானிடம் கொடுத்தார்கள். உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1989இல் ராட்டர்டாமில் ஐரோப்பியப் பட்டம், 1990, 1991இல் அடுத்தடுத்து உலகக் கோப்பை. பந்தயக் குதிரைகளை விட்டுப் பார்த்தால், 10 லட்சம் பவுண்டுக்கு மேல் பரிசுப் பணம் ஈட்டிய முதல் குதிரை மில்டன்தான். ஆனால் 1988 சோல் ஒலிம்பிக்குக்கு அது போகவில்லை. அனுப்ப மாட்டோம் என்றார்கள் அந்தப் பெற்றோர். அத்தோடு பேச்சு முடிந்தது. குதிரை யாருடையதோ அவர் சொல்லே கடைசிச் சொல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1994இல் ஓய்வுபெற்ற மில்டன் 1999இல் இறந்தபோது, ஜானின் பண்ணையிலேயே புதைத்தார்கள்.

அதன் பழைய ஒளிப்பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் ஜானின் கைகளுக்குத்தான் போகும். கடிவாள வார் இறுகுவதே இல்லை. குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு, தானே தூரத்தை அளந்து பார்ப்பதுபோலத் தடைக்கு வரும். தாண்டியபின் பின்குளம்புகளை ஒரு சுண்டு சுண்டும். அவர் அதைத் தடுக்க ஒன்றுமே செய்வதில்லை.

இன்று கம்பங்களின் எடை குறைந்துவிட்டது. அவற்றைத் தாங்கும் கிண்ணங்களும் ஆழம் குறைந்தவை. குளம்பு லேசாக உரசினாலே கம்பம் உருண்டு 4 தண்டப் புள்ளி ஏறிவிடும். அகலத் தடைகளின் பின்கம்பம் அழுத்தம் பட்டால் கழன்று விழும்படி அமைத்திருக்கிறார்கள். வெறும் வெல்வெட் தொப்பியோடு ஏறிய காலம் போய், தாடையில் இறுக்கிய தலைக்கவசம் கட்டாயமாகிவிட்டது. குதிரைக்கும் மனிதருக்கும் இது நல்ல காலம், சந்தேகமில்லை.

எனக்கு மனக்குறை வேறிடத்தில். 2006இல் தொடங்கிய குளோபல் சாம்பியன்ஸ் டூர் போன்ற தொடர்கள் வந்தபின் குதிரையின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஒரு குதிரையைப் பலர் பங்கு போட்டு வாங்குகிறார்கள். ஸ்காட் பிராஷ் ஓட்டி 2012 லண்டன் ஒலிம்பிக் குழுத் தங்கம் வென்ற ஹலோ சாங்க்டோஸுக்கு உரிமையாளர்கள் மூன்று பேர். அப்படிப் பணம் போடும் மனிதர்கள் இல்லாமல் இந்த விளையாட்டு நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாமனார் வீட்டுக் குதிரையில் ஏறிப் பதக்க மேடை வரை போன பாதையில் புல் மண்டிவிட்டது. ஒரு பால் பண்ணைப் பிள்ளை இன்று அந்த வழியைத் தேடினால் யார் காட்டுவது?

விட்டேக்கர் வீட்டில் மட்டும் அந்த வழி இன்னும் மூடவில்லை. ஜானின் மகன் ராபர்ட், ஸ்டீவனின் மகள் எல்லன், மைக்கேலின் மகன் ஜாக் என அடுத்த தலைமுறையும் போட்டிக்களத்துக்கு வந்துவிட்டது. 2007 ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் வென்ற பிரிட்டன் குழுவில் ஜான், மைக்கேல், எல்லன் என்று நால்வரில் மூவர் அந்த வீட்டுக்காரர்கள்.

ஒலிம்பிக்கில் இனி அந்தக் கணக்குக்கு இடமில்லை. 2021இல் நடந்த டோக்கியோ போட்டியிலிருந்து ஒரு நாட்டுக் குழுவுக்கு மூன்று பேர்தான்.