வலைச்செயலியை ஏற்றும் கருவிகள்

புனேயிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் கணினித் தொழில் புரிந்து வாழும் நம் அன்பர்களுள் பலர், எழுதி முடித்த வலைச்செயலியை வாடகைச் சர்வரில் ஏற்ற எக்கருவியைக் கொள்வது என்று மயங்குவதுண்டு. மேகம் எனப் பெயர் பெற்றிருப்பினும் அது வானத்தில் இல்லை. பிறர் கட்டடத்தில் நாம் வாடகைக்குக் கொண்ட இயந்திரமே அது. அமேசான் நிறுவனம் அத்தகைய நிலையங்களை மும்பையில் 2016-லும் ஐதராபாத்தில் 2022-லும் திறந்தது.

கையால் ஏற்றினால் ஆகாதா எனக் கேட்கலாம். 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்ததை நோக்குவோம். நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் தன் எட்டுச் சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் ஒருவர் ஏழில் ஏற்றி, ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாமவர் இல்லை. விடுபட்ட சர்வரில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்தெழுந்து, வேண்டாத ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பலாயிற்று. பதற்றத்தில் மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். கேடு முன்னிலும் பெருகிற்று! சுமார் 45 நிமிட வணிகத்தால் அந்நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது.

ஆதலின் கருவியிடம் நாம் கேட்க வேண்டுவன இரண்டு. எல்லா இயந்திரங்களிலும் ஒன்றையே ஏற்றுமா? தவறினால், நன்றாக இயங்கிய முந்தைய நிலைக்குத் திரும்ப இயலுமா?

2012-இல் தோன்றிய ஆன்சிபிள், நாம் எழுதிவைத்த கட்டளைகளை எல்லாச் சர்வர்களிலும் நிறைவேற்றி, எதில் தவறிற்று என்றும் கூறும். திரும்பும் வழியை மட்டும் நாமே எழுதவேண்டும். 2013-இல் வந்த டாக்கர், செயலியையும் அதற்கு வேண்டிய துணை நிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டுகிறது. பழைய பொதியைப் பேணி வைத்திருந்தால் அதனை மீண்டும் இயக்கினால் போதும். ஓரிரு சர்வர் வைத்திருப்போருக்கு இவ்விரண்டுமே நிறைவு தரும் என்பது நம் கருத்து.

கூகுள் 2014-இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் நூற்றுக்கணக்கான இயந்திரங்களை ஆளவல்லது. ஆயினும் அதனைப் பேணத் தனியாள் வேண்டும். மூவர் நடத்தும் சிறு பணிக்கு அதனைக் கொள்வது, நால்வர் வீட்டில் சோறு வடிக்கக் கல்யாண அண்டாவை அடுப்பிலேற்றுவது போலாம். எல்லாவற்றையும் தாமே செய்து தரும் ஹெரோக்கு போன்ற சேவைகளும் உண்டு. அதன் இலவசப் பிரிவு 2022 நவம்பரில் நின்றது. இலவசத்தை நம்பியோர் வேறிடம் தேட நேர்ந்தது.

தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றிவிட்டால், பொதியை மாற்றுவதால் மட்டும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. திரும்பி வந்த பழைய நிரல், நீக்கப்பட்ட பத்தியைத் தேடி நின்றுவிடும். ஆகவே புதிய பத்தியை முதலில் சேர்த்து, புதிய நிரல் சில நாள் பழுதின்றி ஓடிய பின்னரே பழையதை நீக்குதல் வேண்டும்.