இல்லமே முதற்பள்ளி: லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் குழந்தை வளர்ப்பு

கிறித்தவக் குழந்தைகளுக்கு இறைநம்பிக்கையைக் கற்பிக்கும் கடமை ஆலயத்திற்கு மட்டும் உரியதன்று என்பதை, மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட 'சிறிய ஞானோபதேசம்' வலியுறுத்துகிறது. சாக்சனிச் சபைகளைப் பார்வையிட்ட லுத்தர், சிற்றூர் மக்கள் அடிப்படைப் போதனைகளையும் அறியாதிருந்ததைக் கண்டார். அதன் விளைவாக எழுந்த இந்நூல், இல்லத் தலைவன் வீட்டாருக்குக் கற்பிப்பதற்குரியதாக அமைந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இதனைத் தமிழாக்கினார்.

நூல் வினாவிடை முறையில் இயல்கிறது. காலை, மாலை, உணவுவேளை ஜெபங்கள் இணைக்கப்பட்டமையால் போதனை அன்றாட வாழ்வோடு பிணைகிறது. கட்டளைகளின் விளக்கமும் குறிப்பிடத்தக்கது. பொய்ச்சாட்சி சொல்லாமை என்பது பொய்யைத் தவிர்ப்பதோடு நில்லாது, அயலானுக்காகப் பரிந்து பேசுதலாகவும் அவன் செயலுக்கு நற்பொருள் கொள்ளுதலாகவும் விரிகிறது. விலக்காக நின்ற கட்டளை, குழந்தை பயிலத்தக்க அறமாகிறது.

எனினும், நூலின் முன்னுரையில் ஒரு முரண் உண்டு. எவரையும் விசுவாசிக்குமாறு வற்புறுத்தலாகாது என்று கூறும் லுத்தர், கற்க மறுப்போருக்குப் பெற்றோர் உணவும் பானமும் மறுக்கவேண்டும் என்கிறார். நம்பிக்கையை வற்புறுத்த இயலாது, கல்வியை வற்புறுத்தலாம் என்பதே இதன் அடிப்படை. ஆனால் குழந்தையின் அனுபவத்தில் இவ்விரண்டும் எளிதில் பிரிவதில்லை. நூலின் இறுதியிலுள்ள இல்லறக் கடமைப் பட்டியல், பிள்ளைகளைக் கோபப்படுத்தலாகாது என்னும் பவுலின் அறிவுரையைப் பெற்றோருக்கு முன்வைக்கிறது. கற்பிக்கும் அதிகாரத்திற்கு நூலுக்குள்ளேயே அமைந்த வரம்பாக இதனைக் கொள்ளலாம்.