சும்மா நிற்கும் எட்டு மில்லிநொடி

பணம் அனுப்பியதும் திரையில் 'வெற்றி' என்று வருகிறதே, அதற்குமுன் வங்கியின் தரவுத்தளம் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். நடந்த மாற்றத்தைத் தன் லாக் கோப்பில் எழுதி, அது டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று இயங்குதளத்திடம் உறுதி வாங்க வேண்டும். அந்த எழுத்தோ இயங்குதளத்தின் வரிசையில் நின்றுதான் டிஸ்க்குக்குப் போகும். யாரை முன்னே விடுவது என்று தீர்மானிப்பது ஸ்கெட்யூலர்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு சுற்று என்பது 8.3 மில்லிநொடி. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். வேண்டிய இடம் சுழன்று அதன் கீழே வர வேண்டும். கேட்ட வரிசையிலேயே செய்தால் முனை அலைந்தே ஓய்ந்துவிடும். அதனால்தான் லிஃப்ட் போல, போகிற வழியில் இருப்பதையெல்லாம் முடித்துக்கொண்டு போகும் முறை வந்தது.

2006-இல் வெளியான லினக்ஸ் 2.6.18 முதல் பல ஆண்டுகள் 'சிஎஃப்க்யூ' என்ற ஸ்கெட்யூலரே இயல்பாக இருந்தது. எல்லா நிரல்களுக்கும் நியாயமான பங்கு என்பது அதன் கொள்கை. ஒரு நிரல் படித்து முடித்ததும், அடுத்து பக்கத்து இடத்தைத்தான் கேட்கும் என்று நம்பி 8 மில்லிநொடிவரை வேறு வேலை எடுக்காமல் நிற்கும். கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று! வீட்டுக் கணினிக்கு இது அருமையான யோசனை. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்துக்கு அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ். ஒவ்வொன்றும் 8 கேபி பக்கங்களை எங்கெங்கிருந்தோ கேட்கும். பல டிஸ்க்குகளைச் சேர்த்த ரெய்டு என்றால் இன்னும் கொடுமை: ஒருவருக்காக எல்லா டிஸ்க்குகளும் சும்மா நிற்கும். பிந்தைய பதிப்புகள் இதைத் தணித்தாலும், தரவுத்தள நிர்வாகிகள் 'டெட்லைன்' ஸ்கெட்யூலருக்கு மாறியது சரியான முடிவு என்றே சொல்வேன்.

டெட்லைனில் படிப்புக்கு அரை நொடி, எழுத்துக்கு 5 நொடி கெடு. படிப்பவர் காத்திருக்கிறார், எழுத்து பொறுக்கும் என்பது கணக்கு. லாக் எழுத்து மட்டும் பொறுக்காது; அதற்காகவும் ஒருவர் காத்திருக்கிறார். ஆனாலும் டெட்லைனின் கண்ணுக்கு அதுவும் எழுத்துதான். லாக் கோப்பைத் தனி டிஸ்க்கில் வைக்கும் பழைய வழக்கம் இந்த நெரிசலிலிருந்து அதைக் காப்பாற்றியது.

2019-இல் லினக்ஸ் 5.0 சிஎஃப்க்யூவையே நீக்கிவிட்டது. என்விஎம்இ எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை, வரிசைகளும் ஏராளம். அங்கே பெரும்பாலும் ஸ்கெட்யூலரே வேண்டாம் என்று 'நன்' அமைப்பில் விட்டுவிடலாம். சுழலும் டிஸ்க் இன்னும் ஓடும் சர்வரில் டெட்லைனின் இன்றைய வடிவமான 'எம்க்யூ-டெட்லைன்' இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.