ஒரே நொதிக்கு இரண்டு வேலை: காசநோய் மருந்தும் கல்லீரலும்

காசநோய்க்கு மாத்திரை உட்கொண்டுவரும் ஒருவருக்கு மஞ்சள் காமாலை கண்டால் அது நோயின் விளைவா, மருந்தின் விளைவா என்பது, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சுகாதார நிலையங்களில் இலவச மாத்திரை வாங்கவரும் குடும்பங்களுக்கு இயல்பாக எழும் கேள்வி. காமாலை வைரஸ்கள் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்த பின், சந்தேகம் முதலில் மருந்தின் மீதே விழ வேண்டும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஹர்ஷத் தேவர்பாவியும் பிற மருத்துவர்களும் நாடு முழுவதும் திரட்டி 2021இல் வெளியிட்ட 1288 நோயாளிகளின் பதிவேட்டில், மருந்தால் கல்லீரல் பழுதுற்றவர்களுள் சுமார் 46 சதவீதத்தினருக்குக் காசநோய் மருந்துகளே காரணமாக இருந்தன. மேலைநாட்டுப் பட்டியல்களில் பாராசிட்டமாலும் ஆன்டிபயாட்டிக்குகளும் முன்நிற்க, இந்தியப் பட்டியல் இவ்வாறு வேறுபடுவதற்கு இங்குள்ள காசநோயின் பரவலே முதற்காரணம்.

முதல் இரண்டு மாதம் தரப்படும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எத்தாம்பூட்டால் பெரும்பாலும் தீங்கற்றது. இவற்றுள் ஐசோனியாசிட் கல்லீரலுக்குள் படும் பாடுதான் வேதியியல் நோக்கில் மிகவும் சுவையானது.

ஐசோனியாசிட் மூலக்கூறின் ஒரு முனையில் எளிதில் வினைபுரியும் நைட்ரஜன் தொகுதி ஒன்று திறந்து கிடக்கிறது. அதனை அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றுக்கு வந்துசேரும், ஒரு முனை மட்டும் கூராக உள்ள இரும்புக் கம்பியாகக் கொள்ளலாம். பட்டறையில் கம்பியின் கூர்முனைக்கு மூடி போடும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவர்தான் நாட்-2 எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நொதி, அவர் போடும் மூடி அசெட்டைல் தொகுதி. மூடியிட்ட கம்பியை அறுப்பு எந்திரம் இரண்டாக அறுக்கிறது. பெரிய துண்டு தீங்கற்றது. சிறிய துண்டிலோ, அறுபட்ட இடத்தில் புதிதாக ஒரு கூர் முளைத்துவிடுகிறது. ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் கூருமாக உள்ள இத்துண்டுதான் அசெட்டைல் ஹைட்ரசீன். இந்தப் புதுக் கூருக்கு மூடி போட வேண்டியவரும் அதே தொழிலாளிதான். அவர் விரைவாகக் கை ஓட்டினால் இருபக்கமும் மூடப்பட்ட துண்டு, எவரையும் குத்தாமல், சிறுநீர் என்னும் கழிவுத் தொட்டிக்குப் போய்விடும்.

தொழிலாளி மெதுவானவராக இருந்தால் சிக்கல் இரண்டு இடங்களில் மூளுகிறது. தொடக்கத்தில் மூடி கிடைக்காமல் தேங்கிய கம்பிகளில் சில அப்படியே அறுப்பு எந்திரத்துக்குள் போய், இருமுனையும் கூராக உள்ள ஹைட்ரசீனாக வெளிவருகின்றன. முடிவிலோ, ஒரு பக்கம் மூடிய துண்டுகள் அவருடைய கைக்காகக் காத்துத் தரையில் குவிகின்றன. குவிந்தவற்றைச் சைட்டோக்ரோம் வகை நொதியொன்று சாணைக்கல்லைப் போல மேலும் தீட்டிவிட, அவை கல்லீரல் செல்லின் புரதங்களில் குத்தி ஒட்டிக்கொள்கின்றன. மது அருந்துவோரிடம் இந்தச் சாணைக்கல் கூடுதலாகச் சுழல்கிறது. சிதறிய துண்டுகளைப் பொறுக்கக் குளூட்டாதையோன் என்னும் துப்புரவுப் பொருள் உண்டு என்றாலும், உணவின்றி மெலிந்தவர்களின் உடலில் அதன் இருப்பு குறைவு.

தொழிலாளி வேகமானவரா, மெதுவானவரா என்பது பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது. ஜப்பானியரில் மெதுவானவர்கள் சிறுபான்மையினர். தென்னிந்தியரில் அவர்களே பெரும்பான்மை. வேகமானவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கருதினர், ஏனெனில் முதல் மூடி விரைவாக விழுந்தால் அசெட்டைல் ஹைட்ரசீனும் விரைவாக உருவாகும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அதே நொதி இரண்டாம் மூடியையும் போடுகிறது என்பதற்கு உரிய எடை தரப்பட்டபோது கணக்கு தலைகீழானது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1912இல் பிராகில் தயாரிக்கப்பட்ட ஐசோனியாசிட், காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது 1952இல்தான் தெரியவந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்றாலும் குணம் உண்டு என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. சேத்துப்பட்டில் உள்ள அந்த மையத்தைச் சேர்ந்த ஜி. ஆர். சர்மா முதலியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வுதான் இங்கு இன்றியமையாதது. ரிஃபாம்பிசினைச் சேர்த்துக் கொடுக்கும்போது, மெதுவான வகையினரிடம் ஐசோனியாசிட் மூடியிடப்படாமலே நேரடியாக அறுபட்டு ஹைட்ரசீன் ஆகும் பங்கு கூடுவதை அவர்கள் அளந்து காட்டினர். ரிஃபாம்பிசின் அறுப்பு எந்திரத்தை முடுக்கிவிடுகிறது, மூடி போடுபவரின் வேகத்தையோ மாற்றுவதில்லை என்பது அதன் பொருள். உலகெங்கும் இன்று மேற்கோள் காட்டப்படும் இவ்விளக்கம் சென்னை நோயாளிகளிடமிருந்து பிறந்தது என்பது இந்நகரத்தார் அறிந்து பெருமைப்பட வேண்டிய செய்தி.

இந்த அறிவைக் கொண்டு மரபணுச் சோதனை ஒன்றைச் செய்துவிட்டால் ஆபத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற விளம்பரத்தை நம்புவதற்கில்லை. பெரும்பான்மையினர் மெதுவான வகையாக உள்ள ஊரில், அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையைத் தொல்லையின்றி முடிக்கும்போது, அச்சோதனை யாரையும் தனித்துக் காட்டுவதில்லை. கல்லீரலைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் சிரப்புகளின் நிலை இதைவிட மோசமானது. மேற்சொன்ன பதிவேட்டிலேயே சுமார் 14 சதவீதக் கல்லீரல் பழுதுகளுக்கு மூலிகை உள்ளிட்ட மாற்று மருந்துகள் காரணமாக இருந்தன. கொரோனா காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் உட்கொண்டவர்களின் கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தனர். மாத்திரையால் வந்த காமாலைக்கு அத்தகைய சிரப்பைக் குடித்துக்கொண்டே மாத்திரையையும் தொடர்வது உயிருக்கே ஆபத்தான செயல்.

மரபணுவைவிட எடையே இங்கு பயனுள்ள எச்சரிக்கை. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், தமிழக அரசுடன் இணைந்து 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', கடுமையாக மெலிந்தவர்களையும், மூச்சுத் திணறுபவர்களையும், துணையின்றி நிற்க முடியாதவர்களையும் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. காசநோய் இறப்பைத் தடுப்பதற்காக வகுக்கப்பட்ட முறை இது; ஆயினும் மெலிந்தவர்களே கல்லீரல் பாதிப்புக்கும் எளிதில் ஆளாகிறவர்கள் என்பதால், அவர்கள் மருத்துவரின் கண்பார்வையில் இருப்பது இரட்டைப் பயன்.

ரிஃபாம்பிசின் உட்கொள்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மருந்தின் நிறமே அன்றிக் காமாலை அல்ல. அதைக் கண்டு அஞ்சி மாத்திரையை நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். பசியின்மை, குமட்டல், வாந்தி, வலது விலாவின் கீழ் வலி, கண்ணில் மஞ்சள் ஆகியவையே உண்மையான அடையாளங்கள். இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கடையில் வாங்கியவை உட்பட, எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். கல்லீரல் நொதி அளவு அறிகுறிகளுடன் இயல்பைவிட மூன்று மடங்கையோ, அறிகுறியின்றி ஐந்து மடங்கையோ தாண்டினால் மருத்துவர் மருந்தை நிறுத்திவைத்து, கல்லீரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். பெரும்பாலோர் அவ்வாறு சிகிச்சையை முழுமையாக முடிக்கின்றனர். மருந்தின் எதிர்விளைவுகளை நோயாளியே நேரடியாகத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.