உங்களுக்குத் தெரியுமா? – அமாவாசையிலும் ஒளிரும் வானம்

● அமாவாசை இரவிலும் வேலூர், ஆம்பூர் வானம் முழு இருட்டில்லை. பகலில் சூரியக் கதிர்கள் உடைத்துப்போட்ட ஆக்சிஜன், இரவில் மீண்டும் ஒன்றுசேரும்போது மங்கலாக ஒளிர்கிறது. இதுதான் வானொளிர்வு.

● இதன் பச்சை ஒளி சுமார் 97 கி.மீ. உயரத்திலும், சிவப்பு ஒளி சுமார் 250 கி.மீ. உயரத்திலும் பிறக்கிறது. இவற்றைத் தரையிலிருந்தே படமெடுக்கலாம். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்திலும், வேலூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் சித்தூரைத் தாண்டியுள்ள காதங்கியிலும் இதற்கான கருவிகள் இயங்கியுள்ளன.

● ஆனால், புற ஊதா ஒளிர்வின் பெரும்பகுதி தரையை எட்டாது. ஓசோனும் ஆக்சிஜனும் வழியிலேயே விழுங்கிவிடும். ஆகவே, மேலிருந்துதான் பார்க்க வேண்டும். 1972 ஏப்ரலில் அப்போலோ 16 வீரர்கள் நிலவில் நிறுத்திய விஞ்ஞானி ஜார்ஜ் காருதர்ஸின் கேமரா, பூமியின் புற ஊதா ஒளிர்வைப் படம்பிடித்தது.

● 2018 ஜனவரியில் ஏவப்பட்ட நாசாவின் 'கோல்ட்' கருவி, சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இதே புற ஊதா ஒளியில் அமெரிக்கக் கண்டங்களை நோக்குகிறது. அங்கே இரவானதும் புவிக்காந்த நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டு ஒளிப்பட்டைகள் தெரிகின்றன. பட்டைகளின் ஊடே கறுப்புக் கீற்றுகள் விழுந்தால், அவை மின்துகள்கள் குறைந்த 'பிளாஸ்மா குமிழிகள்'. இவை ஜிபிஎஸ் சிக்னலைத் தடுமாறவைக்கும். புவிக்காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகிலும் செல்வதால், இந்த ஆய்வு நமக்கும் தேவை.

● விண்மீன்களைத் தேடுவோருக்கு இதே ஒளிர்வு இடைஞ்சல். 2015 செப்டம்பர் 28-ல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் 650 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது, அங்கும் இந்த ஒளி விடுவதில்லை. அதன் புற ஊதாத் தொலைநோக்கியில் உள்ள சபையர் ஃபில்டர், ஆக்சிஜனின் 130.4, 135.6 நானோமீட்டர் ஒளியைத் தடுத்து, விண்மீன் ஒளியை உள்ளே விடுகிறது.

● அந்தத் தொலைநோக்கியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் நம் காவலூர் வானியல் ஆய்வகத்தையும் நடத்துகிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், அங்கே 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைக் காணலாம்.

● வானொளிர்வை யாராலும் அணைக்க முடியாது. ஆனால், மேல்நோக்கிச் சிதறும் தெருவிளக்கையும் ஆலை விளக்கையும் மூடி போட்டுக் கீழே திருப்பலாம். காவலூரின் இருட்டைக் காக்க ஊர்கள் செய்யக்கூடிய உதவி இது.